கிராமத்து உடம்பும் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொண்டீர்களா என்று கேட்டால், "காட்டு வேலை செய்கிற உடம்புக்கு அதெல்லாம் எங்கே வரப்போகிறது" என்ற பதில் இன்றும் கிடைக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் அந்தப் பதிலில் பெருமளவு உண்மை இருந்தது. இன்று அது உண்மை இல்லை என்பதோடு, நோயைக் காலம் தாழ்த்திக் கண்டுபிடிப்பதற்கு அந்த நம்பிக்கையே முக்கியக் காரணமாகவும் இருக்கிறது. கிராமத்தில் வாழும் பெரியவர்களும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு எல்லாம் தனித்தனி நோய்கள்தானே? அவற்றை ஏன் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுப்பு என்று ஒரே பெயரில் சேர்த்துச் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் அவை சேர்ந்தே வருகின்றன. அவற்றுக்கு அடியில் இருக்கும் கோளாறும் பெருமளவு ஒன்றே. உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையைத் தசைகளும் கல்லீரலும் எடுத்துக்கொள்ள, கணையத்தில் சுரக்கும் இன்சுலின் வேண்டும். வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் கொழுப்பு சேரும்போது இந்த உறுப்புகள் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இந்த நிலை ஆண்டுக்கணக்கில் நீடிக்கையில் இரத்த அழுத்தம் ஏறுகிறது, ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுகிறது, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்.டி.எல். குறைகிறது, கடைசியில் கணையம் களைத்துப்போகும்போது சர்க்கரையும் ஏறுகிறது. அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988இல் ஆற்றிய உரை ஒன்றில் இந்தத் தொடர்பை விளக்கிய பிறகுதான், இவற்றை ஒரு தொகுப்பாகப் பார்க்கும் வழக்கம் மருத்துவ உலகில் வலுப்பெற்றது. மருத்துவமனைகளில் இதை மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பார்கள்.

எந்த அளவுகளை வைத்து ஒருவருக்கு இது இருக்கிறது என்று முடிவு செய்கிறார்கள்?

ஐந்து அளவுகள் பார்க்கப்படுகின்றன. அவற்றில் ஏதேனும் மூன்று எல்லையைத் தாண்டியிருந்தால் இந்த நோய்த்தொகுப்பு இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. பன்னாட்டு அமைப்புகள் பல 2009இல் கூடி ஒப்புக்கொண்ட வரையறை இது. தெற்காசியர்களைப் பொறுத்தவரை வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருப்பது முதல் அடையாளம். இரத்த அழுத்தத்தில் மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85ஐத் தொடுவது இரண்டாவது. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100 மி.கி. அல்லது அதற்கு மேல், ட்ரைகிளிசரைடு 150 மி.கி. அல்லது அதற்கு மேல், ஹெச்.டி.எல். ஆண்களுக்கு 40 மி.கி.க்கும் பெண்களுக்கு 50 மி.கி.க்கும் கீழே என்பவை மற்ற மூன்று. ஏற்கெனவே பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, இன்றைய அளவு சரியாக இருந்தாலும் அந்த அடையாளம் இருப்பதாகவே கணக்கு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சர்க்கரை 108 என்று வந்தால் "பார்டரில்தான் இருக்கிறது, பயமில்லை" என்று சீட்டை மடித்து வைத்துவிடுகிறோம். அந்த 108உடன் பிரஷர் 134ஆகவும், வயிறு 96 செ.மீ. ஆகவும் இருந்தால் மூன்று அடையாளங்கள் சேர்ந்துவிட்டன. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. சேர்த்துப் பார்ப்பதற்காகவே இந்த வரையறை ஏற்பட்டது.

வயிற்றுச் சுற்றளவை வீட்டிலேயே அளக்க முடியுமா?

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும். நேராக நின்றுகொண்டு, விலாப்பகுதியில் கடைசி எலும்பு முடியும் இடத்தையும், இடுப்பின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பார்த்து, அந்த இரண்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்ற வேண்டும். வேட்டியோ பாவாடை நாடாவோ கட்டும் இடம் பலருக்கும் இதைவிடக் கீழே இருக்கும். அங்கே அளந்தால் கணக்கு தவறும். புடவை மடிப்புகளுக்கு மேலே அளக்கக் கூடாது. வயிற்றை உள்ளே இழுக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் தருணத்தில், டேப் தோலை அழுத்தாமல் படிந்திருக்கும்போது பார்க்க வேண்டும். 90 செ.மீ. என்பது ஏறக்குறைய முப்பத்தைந்தரை அங்குலம், 80 செ.மீ. என்பது முப்பத்தொன்றரை அங்குலம். இந்த ஐந்து அளவுகளில் காசே செலவில்லாதது இதுதான், மிக அரிதாகப் பார்க்கப்படுவதும் இதுதான் என்பது வருத்தத்துக்குரியது.

இது நகரத்துக்காரர்களின் நோய் இல்லையா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அதில் பங்கேற்ற 1,13,043 பேரில் 79,506 பேர் கிராமத்தவர்கள். சர்க்கரை நோய் நகரங்களில் 16.4 சதவீதம், கிராமங்களில் 8.9 சதவீதம். இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் கிராமம் பாதுகாப்பாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, அதாவது சர்க்கரை இயல்பைவிட ஏறியும் நோயின் அளவை எட்டாத நிலை, நகரத்தில் 15.4 சதவீதமாகவும் கிராமத்தில் 15.2 சதவீதமாகவும் இருந்தது. அதாவது வேறுபாடே இல்லை. இன்றைய முந்தைய நிலை நாளைய நோய் என்பதால், கிராமங்கள் நகரங்களை நெருங்கிக்கொண்டிருக்கின்றன என்றே இதைப் படிக்க வேண்டும். அதே ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தமும், 39.5 சதவீதத்தினருக்கு வயிற்றுப் பருமனும் இருப்பது தெரியவந்தது.

நகரத்தில் நோய் வந்தவருக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஆய்வகம் இருக்கும். கிராமத்தில் நோய் வந்தவர் ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்து ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும். ஆகவே எண்ணிக்கை குறைவு என்பதற்காகப் பாதிப்பும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

காலை முதல் மாலை வரை வேலை செய்கிறோம். உழைக்கும் உடம்புக்கு இது எப்படி வரும்?

உழைப்பின் தன்மை மாறிவிட்டது என்பதே நேர்மையான பதில். உழவுக்கு டிராக்டரும் பவர் டில்லரும், அறுவடைக்கு இயந்திரமும் வந்துவிட்டன. ஏற்றம் இறைத்த இடத்தில் மோட்டார் சுவிட்ச் இருக்கிறது. களத்துமேட்டுக்கும் கடைக்கும் பால் சொசைட்டிக்கும் நடந்து போனவர்கள் இப்போது வண்டியில் போகிறார்கள். மாவாட்டுவதும் நெல் குத்துவதும் தண்ணீர் சுமப்பதும் பெண்களின் தோளிலிருந்து இறங்கியிருக்கின்றன. அது இறங்க வேண்டிய சுமைதான், அதற்காக யாரும் வருந்தத் தேவையில்லை. ஆனால் உணவின் அளவு பழைய உழைப்புக்கு ஏற்றபடியே இருக்கிறது.

மேலே சொன்ன நாடளாவிய ஆய்வின் முதல் கட்டத்தில், தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் மக்களின் உடல் இயக்கம் கணக்கெடுக்கப்பட்டது. 2014இல் வெளியான அந்த முடிவின்படி கிராமத்தவர்களிலும் பாதிப்பேர் போதிய உடல் இயக்கம் இல்லாதவர்கள். விவசாய வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதும் இல்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் நடுவே வாரக்கணக்கில் வேலை இல்லாத நாட்கள் உண்டு. அந்த நாட்களில் திண்ணையிலும் டீக்கடை பெஞ்சிலும் உட்கார்ந்திருப்பதை உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்ளவே செய்கிறது.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வருமா?

வரும். கை கால்கள் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் உடல்வாகு நம்மிடையே மிகச் சாதாரணமாகக் காணக்கூடியது. எடை பார்க்கும் இயந்திரத்தில் 58 கிலோ காட்டும், ஊரும் அவரை ஒல்லி என்றே சொல்லும். உள்ளே கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும். புனேவைச் சுற்றியுள்ள கிராமங்களில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் குழு பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, அக்குழந்தைகள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட எடையிலும் தசையிலும் மிகக் குறைந்திருந்தும், உடல் கொழுப்பில் அவ்வளவாகக் குறையவில்லை என்பதைக் கண்டார்கள். தாயின் ஊட்டக்குறைவு கருவிலேயே இந்த உடல்வாகை அமைக்கிறது. குறைவான உணவுக்கென்று கருவில் தயாரான உடம்புக்குப் பிற்காலத்தில் தாராளமாகச் சோறும் எண்ணெயும் கிடைக்கும்போது அதைத் தாங்கும் திறன் குறைவாக இருக்கிறது. பஞ்சத்தையும் பற்றாக்குறையையும் தாண்டி வந்த குடும்பங்களுக்கு இது கூடுதல் அநீதி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இதனால்தான் உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறைக் குறியீட்டிலும் (பி.எம்.ஐ.) நமக்கு எல்லை தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பியர்களுக்கு 25 வரை சரி என்றால், நமக்கு 23இலிருந்தே கவனம் தேவை.

சோறு சாப்பிடுவதுதான் காரணமா?

சோற்றைக் குற்றவாளியாக்குவது எளிது. ஆனால் சிக்கல் தட்டில் சோறு இருப்பதில் இல்லை, சோற்றைத் தவிர வேறு எதுவும் போதுமான அளவில் இல்லாததில் இருக்கிறது. இந்தியர்கள் பெறும் ஆற்றலில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், அதில் பெரும்பங்கு தீட்டிய அரிசியும் மைதாவும் சர்க்கரையும்தான் என்றும் மேலே சொன்ன நாடளாவிய ஆய்வின் குழு 2025இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால், முட்டை, மீன் போன்ற புரத உணவுகளால் ஈடுசெய்தாலே சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைகிறது என்பதும் அதில் கண்டறியப்பட்டது.

ஒரு குடும்ப அட்டையை எடுத்துப் பார்ப்போம். நான்கு பேருள்ள வீட்டுக்கு நியாய விலைக் கடையில் மாதம் 20 கிலோ வரை அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு ஒரு கிலோ. அந்தப் பருப்பை முப்பது நாளுக்கும் நான்கு பேருக்கும் பங்கிட்டால், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய எட்டு கிராம் வரும். உள்ளங்கையில் வைத்தால் ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டிதான். கடையில் பருப்பு வாங்கும் வசதியில்லாத வீட்டில், சாம்பார் என்ற பெயரில் இருப்பது புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும்தான். விலையில்லா அரிசி இந்த மாநிலத்தில் பசியை விரட்டியது. அதன் அருமையை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. அரிசியோடு பருப்பும் பயறும் அதே தாராளத்தோடு வழங்கப்பட வேண்டும் என்பதே இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

வீட்டளவில் செய்யக்கூடியது, தட்டின் பங்கீட்டை மாற்றுவது. இப்போது தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி பொரியலும் என்றிருப்பதை, தட்டில் பாதி காய் அல்லது கீரை, கால் பங்கு பயறோ முட்டையோ மீனோ, கால் பங்கு சோறு என்று கொண்டுவர வேண்டும். ஒரே நாளில் இது நடக்காது. முதலில் இரண்டாம் முறை சோறு போடுவதற்குப் பதிலாகக் காயைப் போடலாம். தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, பாசிப்பயறு, நிலக்கடலை, நெத்திலி, மத்தி, வேலியோர முருங்கைக்கீரை ஆகியவை கிராமத்தில் கிடைக்காத பொருட்கள் அல்ல. ஊரில் விளைந்த கடலையை விற்றுவிட்டு, பிள்ளைகளுக்கு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொடுக்கும் வழக்கத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

கேழ்வரகு, கம்பு, சாமைக்கு மாறிவிட்டால் போதுமா?

முழுத் தானியமாகச் சமைத்து, அளவோடு, காய்களோடு சாப்பிட்டால் நல்லது. தீட்டிய அரிசியைவிட அவற்றில் நார்ச்சத்தும் தாதுக்களும் கூடுதல். ஆனால் சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற எண்ணம் தவறானது. நைசாக அரைத்துக் கரைத்துக் காய்ச்சிய கூழும் கஞ்சியும் வயிற்றில் விரைவாகச் செரித்து, சர்க்கரையை வேகமாக ஏற்றக்கூடியவை. சர்க்கரை நோயாளிக்கு மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சி கொடுப்பது அன்பினால் செய்யப்படும் தவறு. தவிடு நீங்காத சாமைச் சோறோ, கொழுக்கட்டைப் பதத்தில் கம்பஞ்சோறோ, கூடவே ஒரு கிண்ணம் பயறும் கீரையும் இருந்தால் பயன் கிடைக்கும்.

ஒரு நாளைக்கு நாலைந்து டீ குடிப்பதால் என்ன வந்துவிடும்?

டீயால் ஒன்றும் வராது. அதில் போடும் சர்க்கரையால் வரும். ஒரு கிளாஸில் இரண்டு தேக்கரண்டி என்றால் கிட்டத்தட்ட பத்து கிராம். காலையில் எழுந்ததும் ஒன்று, வேலைக்குப் போகும் வழியில் ஒன்று, பதினொரு மணிக்கு வயல் வரப்பில் ஒன்று, மாலையில் ஒன்று, விளக்கு வைத்த பிறகு ஒன்று என்று ஐந்து ஆனால் ஐம்பது கிராம். ஒரு நாளுக்கு இரண்டாயிரம் கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள உச்ச வரம்பே ஏறக்குறைய ஐம்பது கிராம்தான்; அதில் பாதியாகக் குறைப்பது மேலும் நல்லது என்றும் அது சொல்கிறது. டீயோடு வரும் வடை, பன், பிஸ்கட் இந்தக் கணக்கில் சேரவில்லை. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கையால் அளவில்லாமல் சாப்பிட்டுப் பாதிக்கப்படுபவர்கள் பலர்.

வேர்வை சிந்தி உழைப்பவர்களுக்கு உப்பு அதிகம் தேவைப்படாதா?

வெயிலில் வேர்க்கும்போது உப்பும் நீரும் வெளியேறுவது உண்மை. ஆனால் நம் அன்றாட உணவிலேயே தேவைக்கு மிஞ்சிய உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நாளுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. பழைய சோற்றுக்குக் கல்லுப்பும் ஊறுகாயும், மத்தியானம் அப்பளமும் கருவாடும், இரவு மீந்த குழம்பைச் சுண்டவைத்ததும் சேர்ந்தால் அது இருமடங்கைத் தாண்டிவிடும். பழைய சோறும் மோரும் நல்ல உணவுதான். ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளலாம்.

எண்ணெயில், எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு என்பதே முக்கியம். ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் அளவில் நிறுத்துவது நல்லது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் கடைப் பலகாரங்களை விட்டுவிடுவது அதைவிட நல்லது.

பீடி, வெற்றிலைப்பாக்கு, மது இவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. புகையிலை, புகையாகப் போனாலும் வாயில் அடக்கினாலும், இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. பீடி சிகரெட் புகை ஹெச்.டி.எல்.ஐயும் குறைக்கிறது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் தீங்கற்றதல்ல. பாக்கு மெல்லும் வழக்கம் பரவலாக உள்ள தைவானில் நடந்த ஆய்வுகள், அதற்கும் வயிற்றுப் பருமன், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியுள்ளன. மது ட்ரைகிளிசரைடையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது, கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கிறது. உடம்பு வலிக்காகக் குடிக்கிறேன் என்பவர்களிடம் அந்த வலிக்கு முறையான மருத்துவம் பார்க்கச் சொல்ல வேண்டுமே தவிர, ஏசிப் பயனில்லை.

உடம்பு வலி என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மெடிக்கல் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. மூட்டு வலிக்கென்று என்ன மருந்து என்றே சொல்லாமல் தரப்படும் பொடிகளிலும் ஊசிகளிலும் ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரை தாறுமாறாக ஏறும். மருத்துவரிடம் போகும்போது இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

பெண்களுக்கு இது ஏன் கூடுதலாகக் காணப்படுகிறது?

மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேரத் தொடங்குவது ஒரு காரணம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்து, பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவது இன்னொரு காரணம். அப்படிப்பட்ட தாய்மார்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். குழந்தை வளர்ந்த பிறகும் ஆண்டுதோறும் அவர்கள் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் எடை மிகுந்தவர்களாக இருந்தார்கள்.

இவற்றோடு வீட்டு வழக்கமும் சேர்கிறது. முட்டையும் மீனும் காயும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போன பிறகு, பானையில் மீந்த சோற்றையும் அடிக்குழம்பையும் கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுபவர் அம்மாவாக இருக்கிறார். சோறு வீணாகக் கூடாதென்று அவரே எல்லாவற்றையும் சாப்பிட்டும் முடிக்கிறார். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, இருப்பதைப் பகிர்ந்து உண்பது அவருடைய உடம்புக்கான மருத்துவம் என்றே சொல்லலாம்.

எந்தத் தொந்தரவும் இல்லாதபோது ஏன் பரிசோதனை?

தொந்தரவு தெரியும் வரை காத்திருந்தால், முதல் தொந்தரவே மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ இருக்கக்கூடும். இந்த நோய்த்தொகுப்பு உள்ளவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய்கள் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு. தலை சுற்றினால்தான் பிரஷர் என்பது தவறான எண்ணம். 170ஐத் தாண்டியும் ஒன்றும் தெரியாமல் நடமாடுபவர்கள் உண்டு. கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தால், அதை அழுக்கு என்று தேய்க்காமல் இன்சுலின் கோளாறின் அடையாளமாக எடுத்துக்கொண்டு சர்க்கரை பார்க்க வேண்டும்.

எங்கே பார்த்துக்கொள்வது?

முப்பது வயதைக் கடந்த அனைவருக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிப் பார்க்கப்படுகின்றன. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதன்படி பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அளவு பார்த்து, நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரையும் தருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. அவர்கள் வரும் பகல் நேரத்தில் ஆண்கள் பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை என்பதால், ஆண்களே விடுபட்டுப் போகிறார்கள். வேலைக்குப் போகும் முன் காலையில் ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றுவிடுவது நல்லது. கொழுப்புப் பரிசோதனைக்கும் வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கும் முந்தைய இரவு உணவுக்குப் பின் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் எடுத்துக்கொள்ளாமல் போக வேண்டும். வழியில் குடிக்கும் ஒரு டீ கூட முடிவை மாற்றிவிடும்.

மருத்துவ வசதி ஊர் தேடி வருவது முடியாத காரியமல்ல என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேடு வட்டாரத்தின் 42 கிராமங்களில், செயற்கைக்கோள் தொடர்பு கொண்ட வாகனத்தில் கண் பரிசோதனை வரை கொண்டுபோய்ச் சர்க்கரை நோயைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

மாத்திரை தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டுமாமே? அதற்குப் பயந்தே பலர் போவதில்லை.

எல்லோருக்கும் மாத்திரை தொடங்கப்படுவதில்லை. முந்தைய நிலையில் கண்டறியப்பட்டால் உணவும் உடல் இயக்கமும்தான் முதல் மருத்துவம். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் முறைப்படுத்திக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பயன் கிடைத்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். எடை இறங்கவில்லையே என்று மனம் தளர்ந்து விட்டுவிடுபவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

நோய் உறுதியாகி மாத்திரை தொடங்கியவர்கள், அளவு சரியாகிவிட்டது என்று தாமாக நிறுத்தக் கூடாது. அளவு சரியாக இருப்பதே மாத்திரையால்தான். குறைக்கலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். வெந்தயம், ஆவாரம்பூ, பாகற்காய்ச் சாறு போன்றவற்றை எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாமே தவிர, மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

வயலில் வேலை செய்பவரும் நடைப்பயிற்சி போக வேண்டுமா?

அன்றைய நாளில் மூச்சு வாங்கும் அளவுக்கு மண்வெட்டி பிடித்தவர் தனியாக நடக்க வேண்டியதில்லை. வேலையில்லாத நாட்களிலும், உட்கார்ந்து செய்யும் வேலைகளிலும், டிராக்டர் ஓட்டும் நாட்களிலும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது குறைந்தபட்ச அளவு. பேசிக்கொண்டே நடக்க முடியும், பாட முடியாது என்ற அளவில் வேகம் இருந்தால் சரி. பெண்கள் தனியாக நடந்தால் "எங்கே போகிறாய், என்ன வேலை" என்று கேட்கும் ஊர்களில், சுய உதவிக் குழுப் பெண்கள் சேர்ந்து நடக்கத் தொடங்கினால் அந்தக் கேள்வி நின்றுவிடும்.

நெஞ்சு வலி வந்தால் கிராமத்தில் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வேர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை வந்தால், வாயுத் தொல்லை என்று சோடா குடித்து நேரத்தைக் கடத்தக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வேர்வையும் களைப்பும் மட்டும்கூட வரலாம். 108க்கு உடனே அழைக்க வேண்டும். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், மாரடைப்புக்கு முதலில் தர வேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைக்கப்பட்டுள்ளன. பெரிய மருத்துவமனை தொலைவில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் மருந்தைப் பெற்றுக்கொண்டு மேலே போகலாம். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சுக் குளறுவது ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். அவை தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, நாலரை மணி நேரத்துக்குள் சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அருகில் அப்படிப்பட்ட மருத்துவமனை எது என்பதை வீட்டில் எல்லோரும் இன்றே கேட்டுத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.